நூற்றுக்கணக்கான ரா படங்களைத் திறமூல மென்பொருளால் ஒரே ஓட்டத்தில் மாற்றுவது எப்படி?

கேட்கப்பட்டவை இரண்டு. ஒரு கோப்புறையில் சேர்ந்துவிட்ட பல நூறு ரா கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்காமல், திறமூல மென்பொருளைக் கொண்டு ஒரே ஓட்டத்தில் ஜேபெக்காக மாற்ற எதைப் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. அப்படி மாற்றிப் பார்த்தபோது படங்கள் கேமராத் திரையில் தெரிந்ததைவிட இருண்டும் நிறம் வெளிறியும் வருவது ஏன் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடை தெரிந்தால்தான் முதலாவதில் எந்த வழி உங்களுக்குப் பொருந்தும் என்று முடிவு செய்ய இயலும் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ரா கோப்பில் இருப்பது இன்னும் படம் ஆகவில்லை. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒரு நிறத்தின் ஒளியை மட்டுமே அளக்கிறது. கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வடிவமைத்து 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கும், கால் பங்கு சிவப்புக்கும், கால் பங்கு நீலத்துக்கும் ஒதுக்கப்படுகின்றன. 12 பிட் கோப்பானால் ஒரு புள்ளிக்கு 4096 படிகள், 14 பிட் ஆனால் 16384 படிகள் கொண்ட எண்களாக அந்த அளவீடுகள் சேமிக்கப்படுகின்றன. மாற்றும் மென்பொருள் அவற்றிலிருந்து ஒளியே இல்லாதபோதும் சென்சார் காட்டும் கருமை அளவைக் கழித்து, ஒளியின் நிறச்சாயலை ஈடுசெய்யும் ஒயிட் பேலன்ஸுக்கு ஏற்ப ஒவ்வொரு நிறத்தையும் பெருக்கி, விடுபட்ட இரண்டு நிறங்களை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணித்து நிரப்பி, கேமராவுக்கே உரிய நிறங்களைப் பொது நிறவெளிக்கு மாற்றி, இறுதியாக ஒளி, நிழல் அளவுகளை மாற்றியமைக்கும் ஒரு டோன் கர்வ் வழியே செலுத்தி, நிறத்துக்கு 256 படிகள் மட்டுமே கொண்ட ஜேபெக்கில் அடைக்கிறது. இந்த ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். கேமராவின் திரையில் நீங்கள் பார்த்தது கேமரா நிறுவனம் எடுத்த முடிவுகளின் விளைவு. அந்நிறுவனங்கள் தங்கள் நிறக் கணக்குகளை வெளியிடுவதில்லை. ஆகவே திறமூல மென்பொருள்கள் தமக்கெனத் தனி முடிவுகளை எடுக்கின்றன. வெளிறிய படம் பெரும்பாலும் பழுதின் அடையாளம் அன்று, அழுத்தமான டோன் கர்வும் நிறச்செறிவும் இன்னும் சேர்க்கப்படாத நிலையே அது.

படம் வெறுமனே வெளிறாமல் தெளிவாகவே இருண்டு வந்தால், வேறொரு காரணமும் இருக்கக்கூடும். ஒளிமிகுந்த பகுதிகளைக் காப்பாற்றும் கேமரா அமைப்புகள் சில, சென்சாரில் குறைவான ஒளியைப் பதிவு செய்துவிட்டு, ஜேபெக் உருவாக்கும்போது மட்டும் அதை ஈடுசெய்கின்றன. ஃபியூஜி கேமராக்களின் டிஆர்200, டிஆர்400 அமைப்புகள் முறையே ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் குறைவாகப் பதிவு செய்பவை (ஒரு ஸ்டாப் குறைவு என்பது ஒளி பாதியாவது). கேனானின் ஹைலைட் டோன் ப்ரையாரிட்டியும் நிக்கானின் ஆக்டிவ் டி-லைட்டிங்கும் இதே வகை. இந்த ஈட்டை எல்லா மென்பொருள்களும், எல்லாப் பதிப்புகளும் தாமாகச் செய்வதில்லை. ரா எடுப்பவர்கள் இந்த அமைப்புகளை அணைத்து வைப்பது நல்லது. ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றால் அந்தப் படங்களை மட்டும் தனியே பிரித்து எக்ஸ்போஷரை உயர்த்த வேண்டும்.

மாற்றத் தொடங்குமுன், மாற்றத்தான் வேண்டுமா என்று யோசிப்பது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். ஏறக்குறைய எல்லா ரா கோப்புகளுக்குள்ளும் கேமராவே உருவாக்கிய ஒரு ஜேபெக் பொதிந்திருக்கிறது. கேமராத் திரை காட்டுவதும் அதைத்தான். தேர்வு செய்வதற்காக யாருக்காவது அனுப்ப வேண்டும், அல்லது கேமரா தந்த தோற்றமே போதும் என்றால், படக் கோப்புகளின் விவரங்களைப் படிக்கவும் மாற்றவும் ஃபில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் கொண்டு அந்த ஜேபெக்கை அப்படியே வெளியே எடுத்துவிடலாம். இதில் எந்தக் கணக்கீடும் இல்லாததால் ஆயிரம் கோப்புகள்கூட மிக விரைவில் முடிந்துவிடும். கேனான், நிக்கான் கேமராக்கள் பலவற்றில் இந்தப் படம் முழு அளவிலேயே இருக்கும். சோனியின் பல கேமராக்களில் 1616-க்கு 1080 புள்ளிகள் மட்டுமே இருக்கும் என்பதால், முதலில் ஒரு கோப்பை எடுத்து அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்த ஜேபெக்கில் தேதி, லென்ஸ், படம் நின்றவாக்கிலா கிடந்தவாக்கிலா என்பன போன்ற விவரங்கள் பெரும்பாலும் இருக்காது. அவற்றை மூல ரா கோப்பிலிருந்து நகலெடுக்கும் வசதியும் எக்ஸிஃப்டூலிலேயே உண்டு. அந்த இரண்டாவது படியை விட்டுவிட்டால் நின்றவாக்கில் எடுத்த படங்களெல்லாம் படுத்துக் கிடக்கும்.

உண்மையாகவே மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு இணையத்தில் அதிகம் கிடைக்கும் அறிவுரை, டேவ் காஃபின் 1997-இல் தொடங்கிய டிசிராவையோ அதன் வழிவந்த லிப்ராவின் கருவியையோ ஒரு சுழல் கட்டளையில் வைத்து ஓட்டிவிடுங்கள் என்பதாகும். டிசிராவுக்குத் திறமூல உலகம் பட்டிருக்கும் கடன் பெரியது. ஏராளமான கேமராக்களின் ரா வடிவங்களைப் பிரித்துப் படிக்கும் நிரலை அவர் ஒருவரே எழுதிப் பொதுவில் வைத்தார். ஆனால் அதன் கடைசிப் பதிப்பு 2018-இல் வெளியானது. அதற்குப் பின் வந்த கேமராக்களை அது அறியாது. லிப்ரா தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது என்றாலும், இரண்டின் இயல்பு அமைப்பிலும் மொத்தமாக மாற்றுபவர்களைச் சிக்கவைக்கும் இரண்டு குணங்கள் உள்ளன. கேமரா பதிவு செய்த ஒயிட் பேலன்ஸை எடுத்துக்கொள் என்று சிறிய டபிள்யூ (-w) விருப்பத்தால் சொல்லாவிட்டால், அவை பகலொளிக்கு உரிய ஒரு நிலையான மதிப்பையே பயன்படுத்தும். வீட்டு விளக்கொளியில் எடுத்தவை மஞ்சளாகவே நிற்கும். மற்றொன்று, ஒவ்வொரு படத்தின் ஒளிப்பரவலையும் பார்த்து அதைத் தாமாகப் பிரகாசமாக்கும் பழக்கம். ஒரே மேடையை ஒரே எக்ஸ்போஷரில் பத்துப் படங்கள் எடுத்திருந்தாலும், ஒன்றில் ஒரு விளக்கு சட்டத்துக்குள் வந்துவிட்டால் அந்தப் படம் மட்டும் வேறு பிரகாசத்தில் வெளிவரும். பெரிய டபிள்யூ (-W) விருப்பம் இதை நிறுத்தும்; நிறுத்தியபின் படங்கள் சீராக இருக்கும், ஆனால் பெரும்பாலும் இருண்டிருக்கும். போதாக்குறைக்கு இவை ஜேபெக்கை நேரடியாகத் தருவதில்லை; பிபிஎம் அல்லது டிஃப் வடிவத்தில் வெளியிட்டு மற்றொரு கருவியால் மாற்ற வேண்டும். அறிவியல் அளவீட்டுக்கு, கையாளப்படாத நேரியல் தரவு தேவைப்படுபவர்களுக்கு இவை மிகச் சிறந்தவை. பார்ப்பதற்கான படங்களுக்கு நான் இவற்றைப் பரிந்துரைப்பதில்லை. இமேஜ்மேஜிக் என்னும் பொதுப் பட மாற்றக் கருவியைக் கொண்டு ராவை நேரடியாக மாற்றுவதும் இதே காரணத்தால் எனக்கு உவப்பானதன்று: படம் வந்துவிடும், அது எப்படி வர வேண்டும் என்பதில் உங்களுக்குக் கிடைக்கும் பிடி மிகக் குறைவு.

கேமராத் திரையில் கண்டதற்கு நெருக்கமாக, தலையீடு குறைவாக, பெருந்தொகையில் மாற்ற வேண்டும் என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை ராதெரபி. காபோர் ஹோர்வாத் தொடங்கிய இந்த மென்பொருள் 2010 முதல் ஜிபிஎல் என்னும் திறமூல உரிமத்தில் கிடைக்கிறது. பொதிந்திருக்கும் கேமரா ஜேபெக்கைப் பார்த்து அதற்கு இணையான டோன் கர்வைத் தானாகக் கணித்துக்கொள்ளும் வசதி 2018-இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து இதில் உள்ளது. வெளிறிய படம் என்ற குறையைப் பெரும்பாலும் இந்த ஒரே வசதி போக்கிவிடுகிறது. நிறங்கள் துல்லியமாக ஒத்துப்போகும் என்று சொல்ல மாட்டேன், ஒளியும் மாறுபாடும் கண்ணுக்கு இயல்பாக அமையும்.

வரைகலை முகப்பிலேயே இதைச் செய்ய முடியும். ஒரு படத்தைத் திருத்தி, அதன் ப்ரொஃபைலை (திருத்த அமைப்புகளின் தொகுப்பை) நகலெடுத்து, மற்ற படங்களைத் தேர்ந்தெடுத்து ஒட்டி, எல்லாவற்றையும் வரிசையில் சேர்த்து ஓட்டினால் போதும். சில நூறு படங்களுக்கு இதுவே எளிய வழி. கட்டளை வரி அறியாதவர்கள் அதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்பதில்லை. அடிக்கடி, ஒரே முறையில் செய்ய வேண்டியவர்களுக்குத்தான் ராதெரபி-சிஎல்ஐ என்னும் தனிக் கட்டளை உதவும். அதன் விருப்பங்களில் இன்றியமையாதவற்றை மட்டும் சொல்கிறேன். சிறிய ஓ (-o) வெளியீட்டுக் கோப்புறையைக் குறிக்கும். சிறிய பி நீங்கள் சேமித்த பிபி3 ப்ரொஃபைல் கோப்பைச் சுட்டும். சிறிய எஸ், ஒவ்வொரு படத்துக்கும் அருகில் அதன் பெயரிலேயே பிபி3 துணைக்கோப்பு இருந்தால் அதைப் பயன்படுத்தும். பெரிய எஸ் கொடுத்தால் துணைக்கோப்பு இல்லாத படங்களை விட்டுவிடும். சிறிய ஜே-யுடன் ஓர் எண்ணை ஒட்டி எழுதினால் ஜேபெக் தரம் அமையும். சிறிய சி-க்குப் பின் மூலக் கோப்புறையைத் தர வேண்டும். இது கட்டளையின் கடைசி விருப்பமாகவே இருக்க வேண்டும், முன்னால் வைத்தால் அதன் பின் வருபவை எல்லாம் கோப்புப் பெயர்களாகக் கொள்ளப்படும்.

இதில் பலர் கவனிக்காத நுட்பம் ஒன்றுண்டு. சிறிய பி-யை ஒன்றுக்கு மேற்பட்ட முறை கொடுக்கலாம். எழுதிய வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அவை பொருத்தப்படும், சிறிய எஸ் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் துணைக்கோப்பு சேரும். அதனால், இரைச்சல் (படத்தில் மணல்போலத் தெரியும் புள்ளிகள்) நீக்கத்தை மட்டும் கொண்ட ஒரு ப்ரொஃபைல், அளவைக் குறைப்பதை மட்டும் கொண்ட மற்றொன்று என்று சிறு துண்டுகளாக வைத்துக்கொண்டு தேவைக்கேற்பச் சேர்க்கலாம். ப்ரொஃபைலைச் சேமிக்கும்போது கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டால், எந்தெந்தப் பகுதிகளைச் சேமிக்க வேண்டும் என்று ராதெரபி கேட்கும்; அந்தத் துண்டுகளை உருவாக்கும் வழி இதுவே. ஐஎஸ்ஓ, கேமரா, லென்ஸ் ஆகியவற்றை நிபந்தனையாக வைத்துத் தானாகவே ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுக்கும் டைனமிக் ப்ரொஃபைல் விதிகளையும் அமைக்கலாம்; விருப்பத்தேர்வுகளில் அதை இயல்பு ப்ரொஃபைலாக வைத்துவிட்டு, கட்டளையில் சிறிய டி கொடுத்தால் அந்த விதிகள் கட்டளை வரியிலும் செயல்படும். பலவகை ஒளியில் எடுத்த படங்கள் ஒரே கோப்புறையில் கலந்திருக்கும்போது இதன் அருமை தெரியும்.

டார்க்டேபிள் வேறு மனப்போக்கைக் கொண்டது. 2009-இல் யோஹானஸ் ஹானிகா தொடங்கிய இந்த மென்பொருள், தானாகக் கேமரா ஜேபெக்கைப் பின்பற்ற முயல்வதில்லை. காட்சியின் ஒளியை நேரியல் நிலையில் வைத்துக் கையாண்டு, கடைசியில் ஃபில்மிக் அல்லது 4.2 பதிப்பில் சேர்க்கப்பட்ட சிக்மாய்டு தொகுதியால் திரைக்கு ஏற்பச் சுருக்குகிறது. ஒவ்வொரு படத்தையும் ஓரளவாவது திருத்தியபின் மொத்தமாக வெளியிட விரும்புபவர்களுக்கு இதைவிட நல்ல திறமூலக் கருவி இல்லை என்பது என் கருத்து. லைட்டேபிள் பகுதியில் ஒரு படத்தின் திருத்த வரலாற்றை நகலெடுத்துப் பலவற்றில் ஒட்டலாம். அதையே ஸ்டைலாகப் பெயரிட்டுச் சேமிக்கலாம். ஏற்றுமதிப் பகுதியில் எல்லாவற்றையும் தேர்ந்து ஒரே சொடுக்கில் வெளியிடலாம்.

டார்க்டேபிள்-சிஎல்ஐ கட்டளைக்கு மூலக் கோப்பு அல்லது கோப்புறை, விரும்பினால் திருத்தங்களைக் குறித்து வைக்கும் ஓர் எக்ஸ்எம்பி கோப்பு, வெளியீட்டு இடம் என்ற வரிசையில் தர வேண்டும். எக்ஸ்எம்பி தராவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் உரிய துணைக்கோப்பைத் தானே தேடிக்கொள்ளும். தந்தால் அந்த ஒன்றையே எல்லாவற்றுக்கும் பொருத்தும். ஸ்டைலின் பெயரைச் சொல்லியும் வெளியிடலாம், ஆனால் ஸ்டைல்கள் டார்க்டேபிளின் அமைப்புக் கோப்புறையில் உள்ள தரவுத்தளத்தில் இருப்பதால், அந்தக் கோப்புறையின் பாதையையும் கட்டளையில் குறிப்பிட்டாக வேண்டும். ஸ்டைல் இருக்கிறது, கட்டளையும் பிழையின்றி ஓடுகிறது, படத்தில் மட்டும் மாற்றமே இல்லை என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டார்க்டேபிளின் முகப்பு திறந்திருக்கும்போதே கட்டளையை ஓட்டினால் அந்தத் தரவுத்தளம் பூட்டப்பட்டிருக்கலாம். முகப்பை மூடிவிடுங்கள், அல்லது சொந்த முன்னமைவுகள் தேவையில்லை என்றால் அவற்றைப் பொருத்த வேண்டாம் என்ற விருப்பத்தைக் கொடுங்கள்.

எந்த மென்பொருளானாலும் மொத்த மாற்றத்தின் தரத்தைத் தீர்மானிப்பது, பொதுவாகப் பொருத்தும் திருத்தத்தில் எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதே. லென்ஸ் குறைகளைச் சரிசெய்தல், ஐஎஸ்ஓவுக்கு ஏற்ப இரைச்சல் நீக்குதல், டோன் கர்வ், இறுதிக் கூர்மை ஆகியவை எல்லாப் படங்களுக்கும் பொதுவாக இருக்கலாம். கத்தரித்தல், சாய்வு நிமிர்த்தல், குறிப்பிட்ட இடத்தை மட்டும் திருத்தும் முகமூடிகள் ஆகியவை ஒருபோதும் பொதுத் திருத்தத்தில் வரக்கூடாது. எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும் ஒளி மாறாத ஒரு தொடருக்குள் மட்டுமே பொதுவாகும். ஆகவே, ஆயிரம் படங்களையும் ஒரே குவியலாகக் கருதாமல், ஒரே இடம், ஒரே ஒளி என்ற அடிப்படையில் முதலில் சில குழுக்களாகப் பிரியுங்கள். குழுவுக்கு ஒரு படத்தைக் கவனமாகத் திருத்தி அதை மற்றவற்றுக்குப் பரப்புங்கள். டார்க்டேபிளில் இங்கே கூடுதல் கவனம் வேண்டும்: 3.4 பதிப்பு முதல் நிறத் தகவமைவு, ஒயிட் பேலன்ஸ் தொகுதியோடு கலர் கேலிபரேஷன் தொகுதியிலும் நடைபெறுகிறது. ஸ்டைலில் ஒன்றை நீக்கி மற்றொன்றை விட்டுவைத்தால், வெயிலில் எடுத்த படத்தின் கணக்கு விளக்கொளிப் படத்தின்மேல் ஏறிவிடும். கேமராவின் கருமை, வெண்மை அளவுகளைச் சொல்லும் தொகுதியையும் உள்ளீட்டு நிற ப்ரொஃபைலையும் ஸ்டைலில் சேர்க்காதீர்கள். மற்றொரு கேமராவின் படத்துக்கு அவை பொருந்தினால் நிழல்களில் ஊதா படர்வது போன்ற விளங்காத கோளாறுகள் தோன்றும்.

கோப்புப் பெயர்களால் வரும் இழப்புதான் இந்த வேலையில் மிகக் கொடியது. ஏனெனில் அது பிழைச் செய்தியாகத் தெரியாமலே போகக்கூடும். பல கேமராக்களில் எண்வரிசை 9999-ஐத் தாண்டியதும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்களும் ஒரே பெயர்களைத் தரக்கூடும். பல கோப்புறைகளின் படங்களை ஒரே வெளியீட்டுக் கோப்புறைக்கு அனுப்பினால், ராதெரபி அதே பெயரில் ஜேபெக் ஏற்கெனவே இருப்பதைக் கண்டு அந்தப் படத்தைத் தாண்டிச் சென்றுவிடும். மேலெழுது என்று பெரிய ஒய் கொடுத்திருந்தால் முந்தைய படம் அழிந்துவிடும். டார்க்டேபிள் இந்த நிலையில் பெயருக்குப் பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்துப் புதிய கோப்பாக எழுதும், அதில் இழப்பில்லை, ஆனால் அதே கட்டளையை இரண்டாவது முறை ஓட்டினால் எல்லாப் படங்களும் இரட்டிக்கும். எக்ஸிஃப்டூல் கொண்டு, எடுத்த தேதி, நேரம், கேமராப் பெயர் ஆகியவற்றைச் சேர்த்து ரா கோப்புகளுக்கு முதலிலேயே தனித்த பெயர் இட்டுவிட்டால் இந்தத் தொல்லை முழுவதுமாக நீங்கும். பெயர் மாற்றத்தைத் திருத்தம் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். பின்னால் செய்தால் துணைக்கோப்புகள் தம் படங்களிலிருந்து பிரிந்துவிடும். ராவையும் ஜேபெக்கையும் சேர்த்து எடுக்கும் பழக்கமுள்ளவர்கள் வெளியீட்டைக் கட்டாயம் வேறு கோப்புறைக்கு அனுப்புங்கள். அதே இடத்தில் மேலெழுதினால் கேமரா தந்த ஜேபெக்குகள் போய்விடும்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ராதெரபியும் டார்க்டேபிளும் ஒரே படத்தின் கணக்கீட்டையே செயலியின் எல்லாக் கருக்களுக்கும் பகிர்ந்து கொடுக்கின்றன. ஆகவே பேரலல் போன்ற கருவியால் பல கட்டளைகளை ஒன்றாக ஓட்டினால் வேகம் பெரிதாகக் கூடாது, நினைவகம்தான் தீரும். டிசிரா ஒரு கருவை மட்டுமே பயன்படுத்தும் என்பதால் அதற்கு அந்த உத்தி பொருந்தும். டார்க்டேபிளில் ஓபன்சிஎல் வழியே வரைகலை அட்டையைப் பயன்படுத்துவது நல்ல பலன் தரும். வட்டு இடத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள்: 24 மெகாபிக்சல் படத்தை 16 பிட் டிஃப் ஆகச் சுருக்காமல் எழுதினால் ஒன்றுக்கு 144 எம்பி, ஆயிரம் படங்களுக்கு 144 ஜிபி. பார்ப்பதற்கும் பகிர்வதற்கும் 90-க்கு மேற்பட்ட தரத்தில், பொதுவான நிறவெளியான எஸ்ஆர்ஜிபியில் ஜேபெக் போதும். அதைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபியில் வெளியிட்டால், நிற ப்ரொஃபைலை மதிக்காத செயலிகளில் படம் மந்தமாகத் தெரியும். நிறம் வெளிறுகிறது என்ற குறை மாற்றியபின் சில செயலிகளில் மட்டும் தோன்றுமானால், காரணத்தை இங்கே தேடுங்கள்.

கோப்பையே திறக்க முடியவில்லை என்று மென்பொருள் சொன்னால் பெரும்பாலும் பதிப்புதான் காரணம். கேனான் 2018-இல் கொண்டுவந்த சிஆர்3 வடிவத்தை டார்க்டேபிள் 3.8 பதிப்பிலிருந்துதான் படிக்கிறது. லினக்ஸ் வழங்கல்களின் களஞ்சியங்களில் பழைய பதிப்புகள் நெடுநாள் தங்கிவிடுவதால், வழங்கலைச் சாராத ஃபிளாட்பேக் அல்லது ஆப்இமேஜ் வடிவில் புதிய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுக் கோப்புறையையும் ஓட்டுமுன், மிக இருண்டது, மிகப் பிரகாசமானது, மிக உயர்ந்த ஐஎஸ்ஓவில் எடுத்தது, நின்றவாக்கில் எடுத்தது என்று குணத்தால் வேறுபட்ட சில படங்களைத் தனிக் கோப்புறையில் நகலெடுத்து அவற்றின்மேல் கட்டளையைச் சோதியுங்கள். சராசரிப் படங்களில் எந்த அமைப்பும் நன்றாகவே வரும். குறைகள் விளிம்புகளில்தான் வெளிப்படும். ஓடி முடிந்ததும் ரா கோப்புகளின் எண்ணிக்கையையும் ஜேபெக்குகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். ராதெரபியின் ஓட்டம் இடையில் நின்றுபோனால், அரைகுறையாக எழுதப்பட்ட கடைசி ஜேபெக்கை மட்டும் நீக்கிவிட்டு, பெரிய ஒய் இல்லாமல் அதே கட்டளையை மீண்டும் கொடுங்கள். ஏற்கெனவே முடிந்தவற்றைத் தாண்டிச் சென்று மீதியை அது முடித்துவிடும். பிபி3, எக்ஸ்எம்பி துணைக்கோப்புகள் சில கிலோபைட் அளவே கொண்ட வெறும் உரைக் கோப்புகள். ரா கோப்புகளுக்குக் காப்புநகல் எடுக்கும்போது அவற்றையும் சேர்த்தே எடுங்கள், ஜேபெக்குகள் தொலைந்தாலும் அவற்றைக் கொண்டு அதே படங்களை மீண்டும் உருவாக்கலாம்.